மற்ற இரண்டு முடிச்சுகள்

சக்களத்தியை முதன்முதலாகப் பார்க்கப் போகிற பெண்ணுக்கு எந்தச் சேலையைக் கட்டுவது என்ற கவலை இருக்கும். சொர்ணவல்லிக்கு அந்தக் கவலைக்கும் வழி இல்லை. புருஷன் போய் நாலு மாதம். பெட்டியைத் திறந்தால் வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது. ஆனாலும் இருந்த மூன்று வெள்ளையில் எது நல்ல வெளுப்பு என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதைக் கட்டிக்கொண்டுதான் அன்னவாசலில் பஸ் ஏறினாள். வீட்டு மூலையில் அடங்கிக் கிடக்க வேண்டியவள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாளே என்று தெரு பேசும். பேசட்டும். பேசுகிறவர்கள் யார் வீட்டுக்கும் வக்கீல் நோட்டீஸ் வரவில்லை.

அந்த நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். பத்து நாளாக அது அங்கேதான் இருக்கிறது. கட்டுமாவடி ராக்கன் மகள் அமராவதி என்பவள், காலஞ்சென்ற பெரியகருப்பனின் இரண்டாம் மனைவியாம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் முறைப்படி தாலி கட்டினாராம். அவருக்குப் பிள்ளை இல்லாததால் அன்னவாசல் நஞ்சையிலும் வீட்டிலும் சரிபாதி அவளுக்குச் சேர வேண்டுமாம். சொர்ணவல்லிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனால் இந்த நோட்டீஸ் மட்டும் இப்போது மனப்பாடம்.

பெரியகருப்பன் புளி வியாபாரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியில் புளி ஏற்றிக்கொண்டு கட்டுமாவடிக்குப் போவார். மூன்று நாள் கழித்துக் கருவாட்டோடு திரும்புவார். அந்த மூன்று நாள் எங்கே படுத்தார், யார் கையால் தின்றார் என்று பதினான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு மூன்று நாளையும் தோண்டி எடுத்து வைத்துக்கொண்டு வெந்து போகிறாள்.

துப்பறிவதற்கு அவள் அமர்த்திய ஆள் ஆத்மநாதன். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு மாடி அறை. இருபது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, மற்றவர்கள் சொன்ன பொய்யை எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி அலுத்துப்போய், இனிமேல் பொய்யைக் கண்டுபிடித்துச் சாப்பிடலாம் என்று தனியாக உட்கார்ந்துவிட்டவர். அவருக்குக் கையாள் திருப்பதி. நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். அவன் வாயை மூட ஆள் கிடைக்கவில்லை.

முந்தின நாள் அந்த மாடி அறையில் சொர்ணவல்லி அடுக்கடுக்காகக் கேட்டாள். இந்தக் கல்யாணத்தை எங்கேயும் பதியவில்லையே, பதியாத கல்யாணம் செல்லுமா? ஊரில் முக்கால்வாசிக் கல்யாணம் பதியாததுதான், உங்களுடையதைப் பதிந்தீர்களா என்று ஆத்மநாதன் திருப்பிக் கேட்டார். சரி, மூத்தவள் சம்மதம் இல்லாமல் இன்னொருத்தியைக் கட்டலாமா? கட்டலாம், சட்டம் மூத்தவளைக் கேட்கச் சொல்லவில்லை என்றார். யார் எழுதிய சட்டம் அது என்று கேட்டாள். ஆம்பிளைகள் எழுதியது என்று திருப்பதி பவ்யமாகச் சொன்னான்.

ஆத்மநாதன் விஷயத்தை உடைத்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் முறையாகத் தாலி ஏறியிருந்தால் இரண்டு பேரும் ஆயுசு உள்ளவரை சொத்தை ஆளுக்குப் பாதியாக அனுபவிக்கலாம். தாலி இல்லாமல் சேர்ந்து இருந்தவள் என்றால் சோற்றுக்கும் துணிக்கும் கேட்டு வாங்கலாம். நிலத்தில் கை வைக்க முடியாது.

"மொத்தக் கேஸும் ஒரு மஞ்சக் கயித்துல தொங்குதும்மா," என்றார். "நோட்டீஸோட நிக்கலை, கோர்ட்டுல வழக்கும் போட்டுட்டாங்க. திங்கக்கெழமை நம்ம வக்கீல் பதில் மனு போடணும். 'என் புருஷன் வேற யாருக்கும் தாலி கட்டலை'ன்னு அதுல நீங்க சத்தியம் பண்ணி ஒப்பம் வைக்கணும். அதுக்கு முன்னாடி நெசம் என்னன்னு பாத்துருவோம்."

நிஜம் என்ன என்பதில் சொர்ணவல்லிக்குச் சந்தேகமே இல்லை. அவள் பார்க்க நினைத்தது வேறு. அந்தச் சிறுக்கி எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நானும் வருவேன் என்று அடம் பிடித்தாள். துணைக்கு நாத்தனார் உண்ணாமலையையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

உண்ணாமலை பெரியகருப்பனுடைய ஒரே தங்கை. புருஷன் பினாங்குக்குக் கப்பல் ஏறியவன்; யுத்தம் வந்ததிலிருந்து கடிதம் இல்லை, காசும் இல்லை. ஆறு வருஷமாக அண்ணன் வீட்டுச் சோறு. அண்ணன் போன பிறகு மதினி வீட்டுச் சோறு. கட்டுமாவடிக்கு வா என்றதும் வயிற்று வலி என்றாள். மதினி ஒரு பார்வை பார்த்தாள். வலி போய்விட்டது.

பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ் கரியில் ஓடியது. பின்னால் அடுப்பு, முன்னால் டிரைவர், நடுவில் புகை தின்கிற ஜனங்கள். புதுக்கோட்டை சமஸ்தான எல்லையைத் தாண்டியதும் திருப்பதி வெற்றிலை வாங்க அம்மன் காசை நீட்டினான். இங்கே அது செல்லாது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். "எல்லை தாண்டுனா அம்மனுக்கே இந்தக் கதி. நம்ம பேச்சு எங்க எடுபடப் போகுது," என்று அவன் சலித்துக்கொண்டான்.

ஆத்மநாதன் வழியில் தன் யோசனையைச் சொன்னார். மந்திரம் சொன்னவர் காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்லலாம். பெண்ணைப் பெற்றவன் பொய் சொல்லத்தான் செய்வான். ஆனால் இவர்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சு. மற்ற இரண்டு முடிச்சையும் போடுவது மாப்பிள்ளையின் தங்கையோ அக்காளோ, அந்த முறையில் இருக்கிற ஒரு பெண். அவள் இல்லாமல் தாலி ஏறாது.

"அந்தப் பொம்பளை யாருன்னு தெரிஞ்சா கேஸ் முடிஞ்சுது. அப்படி ஒருத்தி இல்லைன்னு தெரிஞ்சாலும் முடிஞ்சுது," என்றார்.

"நாடகத்துல நான் எத்தனையோ தாலி கட்டியிருக்கேன் சார். மூணு முடிச்சும் நானே போட்டேன். ஒருத்தியும் நோட்டீஸ் விடலை," என்றான் திருப்பதி.

சொர்ணவல்லிக்கு அப்படியே மனசு குளிர்ந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கேட்டாள். அவுக கூடப் பிறந்தது இவள் ஒருத்திதான், வேறு பங்காளிப் பெண்கள் எல்லாரும் பர்மாவிலும் மலேயாவிலும் கிடக்கிறார்கள், இவளோ என் கூடவே இருக்கிறவள், அப்புறம் எங்கேயிருந்து கல்யாணம் என்று உண்ணாமலையின் தோளைத் தட்டிச் சொன்னாள். உண்ணாமலை ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ராக்கன் வீடு கடலுக்கு அருகில், வலைகள் காய்கிற திட்டை ஒட்டி இருந்தது. கீற்று வேய்ந்த சின்ன வீடு. வாசலில் நின்றுகொண்டு ஆத்மநாதன் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். மூத்தவள் யார் என்பதை மட்டும் சொல்லப் போகிறேன், உண்ணாமலையைப் பக்கத்து வீட்டுப் பெண், துணைக்கு வந்தவள் என்றுதான் சொல்லப் போகிறேன், யாரும் மாற்றிப் பேச வேண்டாம். ஏன் என்று சொர்ணவல்லி கேட்கவில்லை. அவள் கண் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

வாசல் தாழ்வு. அதைக் குனிந்து தாண்டினார்கள். தாண்டி நிமிர்ந்தால், வெயிலில் இருந்து வந்த கண்ணுக்குத் தெரியாத இருட்டில், உள்ளே இன்னொரு குறுக்கு விட்டம். ஆத்மநாதனுக்கு நெற்றியில் ஒரு இடி. திருப்பதிக்கு உச்சந்தலையில். சொர்ணவல்லிக்கு வகிட்டில் சரியாக விழுந்தது. கடைசியாக உண்ணாமலை வந்து சேர்ந்தாள். தலையைத் தடவிக்கொண்டே திருப்பதி, இந்த வீட்டில் நுழைகிறவர்களுக்கு முதல் மரியாதை இதுதான் போலிருக்கிறது என்றான்.

அமராவதி எழுந்து நின்றாள்.

சொர்ணவல்லி மனசுக்குள் பத்து நாளாக ஒரு உருவம் செய்து வைத்திருந்தாள். மினுக்குகிற சேலை, கொண்டை நிறையப் பூ, கண்ணில் மை, ஆளை மயக்குகிற சிரிப்பு. அப்படி ஒருத்தி வந்து நின்றிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வந்து நின்றவளுக்கு வெறும் கழுத்து, வெறும் நெற்றி. இருபத்தைந்து வயசு இருக்கும். கட்டியிருந்தது வெள்ளைச் சேலை.

என் புருஷனுக்காக இவள் எப்படி வெள்ளை கட்டலாம்? சொர்ணவல்லிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அழுகிற உரிமை, மூலையில் இருக்கிற உரிமை, இந்தப் பாழாய்ப்போன வெள்ளை, எல்லாம் தனக்கு மட்டும் என்று நினைத்திருந்தாள். அதிலும் இவள் பங்குக்கு நிற்கிறாள். அதிலும் அவள் வெள்ளை தன்னுடையதைவிட நல்ல வெளுப்பாக இருந்தது.

ஆத்மநாதன் கேள்வி கேட்கத் தொடங்கினார். சொர்ணவல்லி கேட்டது பாதி, வீட்டைப் பார்த்தது பாதி. சுவரில் ஆணியில் ஒரு கட்டம் போட்ட துண்டு தொங்கியது. அறந்தாங்கிச் சந்தையில் தொலைந்துவிட்டது என்று அவர் சொன்ன துண்டு. அதற்காக அவரை இரண்டு நாள் ஏசியிருக்கிறாள். அடுப்பங்கரையில் மீன் சட்டி இருந்தது. அவுகளுக்குத் தினம் மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று அமராவதி பேச்சுவாக்கில் சொன்னாள். சொர்ணவல்லி திடுக்கிட்டாள். கருவாட்டு வாசத்திலேயே ஊறிப் போச்சு, வீட்டிலாவது மீன் வேண்டாம் என்று சொல்லி நாலு வருஷமாக அவர் வீட்டில் மீனைத் தொடவில்லை. அவர் தொடவில்லையே என்று அவளும் நாலு வருஷமாக மீன் தின்னாமல் கிடந்தாள். இங்கே தினம் மீனா? நிலத்தில் பாதி கேட்டதைக்கூட மன்னித்துவிடலாம் போல் இருந்தது. இந்த மீனை மன்னிக்க முடியாது.

தாலி எங்கே கட்டினார் என்று ஆத்மநாதன் கேட்டார். ஊரெல்லை ஐயனார் கோயிலில், வைகாசி மாதம் என்றாள். யார் யார் இருந்தார்கள்? அப்பா இருந்தார், பூசாரி இருந்தார். பூசாரி போன வருஷம் காலமாகிவிட்டார்.

"முடிச்சுப் போட்டது யாரும்மா?"

அமராவதி தரையைப் பார்த்தாள். "அவுகதான்."

"ஒண்ணு அவரு போட்டிருப்பாரு. மத்த ரெண்டு?"

"மூணும் அவுகதான் போட்டாக."

"அவங்க பக்கத்துப் பொம்பளைங்க யாரும் வரலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு. யாராச்சும் ஒருத்தர் பேரைச் சொன்னா ஒனக்குத்தான் நல்லது. சொல்லலைன்னா ஒனக்கு நிலமே இல்ல."

ஆத்மநாதன் எதிர்க்கட்சிக்காரியிடம் இப்படிப் புத்தி சொன்னது சொர்ணவல்லிக்குப் பிடிக்கவில்லை. இவர் யாரிடம் கூலி வாங்குகிறார் என்று தோன்றியது. அமராவதியோ, யாரும் வரவில்லை, நிலம் கிடைக்காவிட்டால் போகட்டும் என்றாள். மூலையில் வலை முடைந்துகொண்டிருந்த ராக்கன் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி வலைக்குள் குனிந்துகொண்டார்.

முடிந்தது. சொர்ணவல்லி முதலில் எழுந்தாள், முதலில் வெளியே வந்தாள். நாத்தனார் முடிச்சு இல்லாத தாலி எந்த ஊரில் தாலி? திங்கட்கிழமை தைரியமாக ஒப்பம் வைக்கலாம். திட்டைத் தாண்டி நடக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தோற்றுப் போனவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசை. பார்த்தது அந்த முகத்தை அல்ல. பார்த்ததிலிருந்து மறுபடி வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

திரும்பி வந்த பஸ் ஆவுடையார்கோயிலைத் தாண்டியதும் ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. கரி போட்டு ஊதி எழுப்ப அரைமணி ஆகும் என்றான் கண்டக்டர். நாலு பேரும் இறங்கிச் சாலையோரப் புளியமரத்தடிக்குப் போனார்கள். மணி நாலு இருக்கும். உண்ணாமலை கொஞ்சம் தள்ளி, அடுத்த மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

ஜெயித்துவிட்டீர்களே, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று திருப்பதி கேட்டான். அவ்வளவுதான், சொர்ணவல்லி கரித்துக் கொட்டத் தொடங்கினாள். என்ன திமிர் அவளுக்கு. வீடு தேடி வந்த மூத்தவள் நான். எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்ததோடு சரி. இவளுக்கு மட்டும், பக்கத்து வீட்டுக்காரி என்று சொன்ன இவளுக்கு மட்டும், நாம் எல்லாம் வெளியே வந்த பிறகு முந்தானையை விரிக்கச் சொல்லி மடியில் அரிசியைப் போடுகிறாள். நான் திரும்பிப் பார்த்தேன். நாழி அரிசி இருக்கும். எனக்கு ஒரு பிடி கருவாடு கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரிக்கே நாழி அரிசின்னா, நான் அடுத்த தெருக்காரன்னு சொல்லியிருக்கலாம். அரை நாழியாவது தேறியிருக்கும்," என்றான் திருப்பதி.

ஆத்மநாதன் சிரிக்கவில்லை. வாயில் போடப்போன வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கையில குடுத்தாளா, மடியில போட்டாளா? நல்லா பாத்தீங்களாம்மா?"

மடியில்தான் என்றாள் சொர்ணவல்லி.

அவர் மெதுவாகப் பேசினார். ஊர் பூரா அரிசிக்கு ஆலாய்ப் பறக்கிற காலம் இது. கடலோரத்து வீட்டில் இல்லாதது அரிசி, இருப்பது மீன். வந்தவளுக்கு மரியாதைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் அந்த வீட்டில் எது கைக்கு வரும்? கருவாடு. அதை விட்டுவிட்டுப் பானையில் இருந்த அரிசியை வழித்து மடியில் போட்டிருக்கிறாள்.

"அரிசியை மடியில வாங்குறது யாரும்மா?"

சொர்ணவல்லி யோசிக்காமல் சொன்னாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. அந்த வீட்டில் பிறந்த பெண்தான். அண்ணன் வீட்டிலிருந்து கிளம்புகிற தங்கச்சியை வெறும் மடியோடு அனுப்பக் கூடாது. அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது. அண்ணன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அண்ணன் பெண்டாட்டி அரிசி போட்டுத்தான் அனுப்ப வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"அதான்," என்றார் ஆத்மநாதன். "தெரியாத மாதிரி இருன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு பேச்சுல பிசகவே இல்ல. ஆனா நாத்தனா வெறும் மடியோட படி எறங்குறதைப் பாத்துக்கிட்டு அவளால சும்மா இருக்க முடியலை."

திருப்பதி தலையின் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். "சார். அந்த விட்டத்துல நம்ம மூணு பேரும் முட்டுனோம். கடைசியா வந்தவங்க முட்டலை. முன்னாடியே வந்து பழகின வீடு போல."

"நீ அப்பவே சொல்லியிருக்கலாம்."

"வலி சார். ஒப்பிட்டுப் பாக்கத் தோணலை."

சொர்ணவல்லிக்கு அவர்கள் பேசியது காதில் ஏறவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தின வைகாசியைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, தானாக வந்து நின்றது. புருஷன் திரும்பி வரவேண்டும் என்று உண்ணாமலைக்கு ஆவுடையார்கோயிலில் ஒரு வேண்டுதல் இருந்தது. அண்ணனும் தங்கையும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து வந்தார்கள். போகும்போது புளிச்சோறு கட்டிக் கொடுத்தது அவள்தான். நல்லெண்ணெய் கூட ஊற்றி, வேர்க்கடலை வறுத்துப் போட்டு, இரண்டு நாள் கெடாமல் இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

என் புருஷனுடைய இரண்டாம் கல்யாணத்துக்குக் கட்டுச்சோறு கட்டினவள் நான். அவளுக்கு அழுகை வரவில்லை. அடுத்த மரத்தடிக்குப் போய் நாத்தனார் முன்னால் நின்றாள். என்ன கேட்கப் போகிறாள் என்று உண்ணாமலைக்கு அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"நீயா போட்ட?"

உண்ணாமலை மடியில் இருந்த அரிசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் கேட்டுச்சு மதினி. எனக்குச் சோறு போட்ட கை. முடியாதுன்னு எப்புடிச் சொல்லுவேன்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிள்ளை இல்லை என்ற ஏக்கத்தில் அண்ணன் செய்தது. செய்துவிட்டு நாலு வருஷமும் பயந்துகொண்டே இருந்தார். நோட்டீஸ் வந்ததும் அவள் மீன் வண்டிக்காரனிடம் ரகசியமாக அமராவதிக்குச் சொல்லி அனுப்பினாள். என் பேரை எடுத்துவிடாதே, மதினிக்குத் தெரிந்தால் எனக்கு நிற்க இடம் இல்லை என்று. பங்கு போனாலும் சொல்ல மாட்டேன், நீங்கள் பயப்படாமல் இருங்கள் என்று அமராவதி பதில் அனுப்பினாளாம்.

"தாலி கட்டுறப்ப அவுக மொகம் எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டாள் சொர்ணவல்லி.

நிலத்தைப் பற்றி இல்லை, பொய்யைப் பற்றி இல்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டாள். உண்ணாமலை தயங்கினாள். மதினி விடவில்லை.

"சிரிச்ச மொகமா இருந்துச்சு."

"எனக்குக் கட்டும்போது சிரிக்கலை," என்றாள் சொர்ணவல்லி. "ஐயரு வளத்த ஓமப்புகை கண்ணுல படுதுன்னு மொறைச்சுக்கிட்டு இருந்தாக."

ஆத்மநாதன் பின்னால் வந்து நின்றார். அவர் சொன்னது சுருக்கம். எனக்குக் கூலி கொடுப்பது நீங்கள். கண்டுபிடிப்பதுதான் என் வேலை, ஊரில் தண்டோரா போடுவது இல்லை. இந்த அம்மாள் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சாட்சி கிடையாது. நிலம் முழுக்க உங்களுக்குத்தான். ஆனால் திங்கட்கிழமை நீங்கள் வைக்கிற ஒப்பம் இனிமேல் தெரிந்து வைக்கிற ஒப்பம்.

முழு நஞ்சையும் சொர்ணவல்லியின் கண்முன் விரிந்தது. ஒரு பார்வை பார்த்தால் போதும், உண்ணாமலை ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டாள். ஜெயிக்கலாம். ஆனால் ஜெயித்து வீட்டில் உட்கார்ந்தால் என்ன தோன்றும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்தக் கீற்று வீட்டுக்காரி தோன்றுவாள். ஒரு பேரைச் சொன்னால் பாதி நிலம் அவளுக்கு. சொல்லவில்லை. யாருக்காகச் சொல்லவில்லை? என் வீட்டில், என் சோற்றைத் தின்கிற என் நாத்தனாருக்காக. வீட்டில் இருந்த கடைசி அரிசியை வழித்துப் போட்டாள். அதுவும் என் நாத்தனாருக்கு. நானோ இவளை வயிற்று வலி என்றபோது முறைத்துப் பார்த்து இழுத்து வந்தவள்.

அப்படியானால் அவள் பெரிய மனுஷி, நான் சின்னவளா?

துண்டைப் பறித்தாள், மீனைப் பறித்தாள், சிரித்த முகத்தைப் பறித்தாள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம். இந்த ஒன்றை அவளுக்கு விட்டுக்கொடுத்தால் செத்தாலும் கட்டை வேகாது என்று தோன்றியது சொர்ணவல்லிக்கு. இடுப்பிலிருந்து நோட்டீஸை எடுத்து ஆத்மநாதன் கையில் கொடுத்தாள். இதை அனுப்பின வக்கீலிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பதில் மனு வேண்டாம் என்றாள். ஆத்மநாதன் வாங்கிக்கொண்டார்.

"உண்ணாமலை."

"மதினி."

"திங்கக்கெழமை கோர்ட்டுக்கு வா. நீதான் முடிச்சுப் போட்டேன்னு எல்லாரும் கேக்கச் சொல்லு."

உண்ணாமலையின் மடி நெகிழ்ந்து அரிசி கொஞ்சம் மண்ணில் சிந்தியது. "சொல்லிட்டு நான் எங்கிட்டுப் போவேன் மதினி? பினாங்குல இருக்கிற மனுசன் இருக்காரோ இல்லையோ."

"எங்கிட்டும் போக வேணாம். ஒன்னைய வெளிய அனுப்புனா நீ நேரா அவகிட்டதான் போவ. நாத்தனாளை வச்சுக் காப்பாத்துனவன்னு அந்தப் பேரும் அவளுக்குப் போகும்." சொர்ணவல்லி குனிந்து, சிந்திய அரிசியை மண்ணோடு அள்ளி அவள் மடியில் போட்டாள். "நிலத்துல பாதி சட்டம் குடுக்குது, எடுத்துக்கிடட்டும். வீட்டுலயும் பாதி எடுத்துக்கிடட்டும். ஒன்னையப் பங்கு போட நான் சம்மதிக்க மாட்டேன்."

பஸ் எழும்பிவிட்டது, எல்லாரும் வரலாம் என்று கண்டக்டர் கூப்பிட்டான். நாத்தனாரின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொர்ணவல்லி சாலையைப் பார்த்து நடந்தாள்.